உபயம்: ஒரு பெரிய நாடு

கோயிலுக்கு டியூப்லைட் வாங்கிக் கொடுக்கிறவர்கள் அதன்மேலேயே 'உபயம்' என்று தங்கள் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, வெளிச்சத்தை மறைத்துவிடுவார்கள். அதைப் பார்த்துச் சிரித்தவள்தான் நான். கொரோனா இரண்டாம் அலையில் அதே உபயம் ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து உட்கார்ந்தபோது சிரிப்பு வரவில்லை, வயிறு எரிந்தது.

அரியாங்குப்பத்திலிருந்து ஆட்டோவில் நான் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்த என் வீட்டுக்காரர், வார்டில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். ஒரே சிலிண்டரை இவரும் பக்கத்துப் படுக்கைக்காரரும் முறைவைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். வெளியே வராந்தாவில் ஆக்சிஜன் மெஷின்கள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. கரண்ட் இருந்தால் போதும், காற்றிலிருந்தே ஆக்சிஜன் பிரித்துத் தரும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பெரிய நாட்டின் கொடி. அந்த நாட்டுக்கு ஆகாத இன்னொரு நாடு முந்தின வாரம்தான் முகக்கவசம் அனுப்பியிருந்ததாம். அதைவிட இந்தக் கொடி பெரிதாகத் தெரிய வேண்டுமாம். வெள்ளைக்காரர்கள் காலத்திலிருந்தே கொடி மாறிக் கொடி பார்த்த ஊர்தான் இது. ஆனாலும் பங்காளிச் சண்டைக்கு எங்கள் மூச்சை வைத்து மொய் எழுதியதை அப்போதுதான் பார்த்தேன்.

"ஒண்ணே ஒண்ணு பிரிச்சுக் குடுங்க சிஸ்டர்" என்று நர்ஸிடம் கெஞ்சினேன்.

"அந்த நாட்டு ஆளு வந்து ரிப்பன் வெட்டணுமாம்க்கா. அதுவரைக்கும் தொடக்கூடாதுன்னு ஆர்டர். நான் என்னா பண்றது?"

வெள்ளிக்கிழமை காலை அந்த ஆள் வந்தே விட்டார். அப்பாடா என்றிருந்தது. ஆனால் நம்மாட்கள் விடுவார்களா? ராகு காலம் தொடங்கிவிட்டது, பன்னிரண்டுக்கு மேல் திறக்கலாம் என்று உள்ளூர் அதிகாரி விருந்தாளிக்கு இளநீர் கொடுத்து ஏசி அறையில் உட்காரவைத்துவிட்டார். நானும் ராகு காலம் பார்க்கிறவள்தான். விளக்குமாறு வாங்கக்கூடப் பார்ப்பேன். சாகக் கிடக்கிறவனுக்கு மூச்சுக் கொடுக்க எந்த மடையன் நேரம் பார்ப்பான்? இவருடைய நகமெல்லாம் நீலம் பாரித்துக்கொண்டே வந்தது. அந்த நாட்டையும் சபித்தேன், என் ஊரையும் சபித்தேன்.

பன்னிரண்டு அடித்ததும் சந்தனம், குங்குமம், ரிப்பன், கைதட்டல். ஒரே ஒரு மெஷினைப் பிரித்து உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார்கள். கதவோரப் படுக்கை என்பதால் இவருக்கு மாட்டினார்கள். தலைமுதல் கால்வரை கவச உடையில் விருந்தாளி பக்கத்தில் நிற்க, படம் எடுத்தார்கள். இவருக்கு இரைப்பு மெல்ல அடங்கியது. உதட்டில் கொஞ்சம் நிறம் வந்தது.

உடனே அதிகாரி, "அடுத்த வார்டுலயும் ஒரு படம் எடுக்கணும், கழட்டுங்க" என்றார். இன்னொரு பெட்டியைப் பிரிக்க நேரமில்லையாம்.

நான் பாய்ந்து மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "எவன் கை வக்கிறான்னு பாக்கறேன்! இதையும் படம் எடுங்கடா. மூச்சக் குடுத்துட்டு உடனே புடுங்குறோம்னு உங்க நாட்டுல போய்க் காட்டுங்க. நீங்கள்லாம் நல்லா இருப்பீங்களா?"

கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் ஒருவனும் என்னைத் தொடவில்லை. விருந்தாளிக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. நெஞ்சில் கைவைத்து என்னைப் பார்த்துத் தலைகுனிந்தார். வேறு வழியில்லாமல் இன்னொரு பெட்டியைப் பிரித்துக்கொண்டு அடுத்த வார்டுக்குப் போனார்கள். நேரமில்லை என்றவர்களுக்கு நேரம் எங்கிருந்து வந்ததோ.

இவர் பிழைத்து வீட்டுக்கு வந்தார். கொஞ்ச நாளில் என் நாத்தனார் போனில் ஒரு படம் அனுப்பினாள். அந்த நாட்டுக்காரர்கள் தங்கள் இணையப் பக்கத்தில் போட்டுக்கொண்டது. முகக்கவசம் என் வாயை மறைத்திருக்கிறது. கண் மட்டும் அழுது சிவந்து தெரிகிறது. கொடி ஒட்டிய மெஷினைத் தழுவிக்கொண்டு நிற்கிறேன். கணவரைக் காப்பாற்றிய நட்பு நாட்டுக்கு ஒரு மனைவியின் நன்றிக் கண்ணீர் என்று கீழே எழுதியிருப்பதாக நாத்தனார் சொன்னாள்.

அன்றைக்கு நடந்தது எதுவும் இவருக்கு நினைவில்லை, அரைமயக்கத்தில் கிடந்தார். படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்ல காரியம் பண்ண. உசுரக் குடுத்தவங்களுக்கு நன்றி சொல்லாம இருந்தா நாம மனுசங்களா?" என்றார்.