ஃபிறாவ் எக்லி நிப்பாட்டச் சொன்ன இடம்

பேய், ஆவி எண்டு ஆரும் கதைச்சால் எழும்பிப் போற ஆள் நான். சுவிஸில பாடன் எண்ட ஊரில வயோதிபர் இல்லத்தில வேலை, எத்தினையோ பேருக்குக் கண்ணை மூடி விட்டிருக்கிறன், ஒருநாளும் பயந்ததில்லை. நம்பினால் நம்புங்கோ, விட்டால் விடுங்கோ, நடந்ததை அப்பிடியே சொல்லுறன்.

அங்க ஃபிறாவ் எக்லி எண்டு ஒரு மனுசி இருந்தவ, ஃபிறாவ் எண்டால் ஜேர்மன் பாசையில திருமதி. வயலினை விடக் கொஞ்சம் பெரிசாய் வியோலா எண்டு இருக்கெல்லோ, அதை வாசிச்சவ. நாலு சிநேகிதியள் சேர்ந்து வாசிச்ச குழு, மற்ற மூண்டு பேரும் செத்துப் போச்சினம், இவவுக்குப் பாரிசவாதம் வந்து இடது கை வழங்காது. நாலு பேரும் வாசிச்ச சீடி ஒண்டுதான் மிச்சம், பின்னேரத்தில நான்தான் போட்டு விடுறது. ஐயோ, அது என்ன பாட்டு! எழுதி நூறு வருசத்துக்கு மேலயாம். வியோலா தனியத் துவங்கும், ஆரோ அடித்தொண்டையால முனகிற மாதிரி, பிறகு மற்ற மூண்டும் ஒண்டுக்கு மேல ஒண்டு விழுந்து அழும், திடீரெண்டு ஆவேசம் வந்து சண்டை பிடிக்கும், இப்ப சந்தோசம் வரப்போகுது எண்டு நினைக்க அதுவும் பாதியில கறுத்துப் போகும். கடைசியில ஒவ்வொரு வாத்தியமாய் அடங்கத் துவங்கும். அந்த இடம் வந்தவுடன நிப்பாட்டச் சொல்லுவா. முடிவு எனக்குத் தெரியாது, ஒருநாளும் கேட்க விட்டதில்லை.

"முடிவில நான் மட்டும்தான் நிப்பன். எனக்குத் தனியப் போகப் பயமாய்க் கிடக்கு" எண்டா ஒருநாள். நான் இருப்பன் தானே எண்டு கையைப் பிடிச்சுச் சொன்னன்.

ஒரு பின்னேரம், வேலைக்கு ஆக்கள் காணாத நாள், அவவுக்கு மூச்சு இழுக்குது. பாட்டைப் போட்டன். பாதியில பக்கத்து அறையில மணி அடிக்குது, ஒரு கிழவர் விழுந்திட்டார். பாட்டு முடிவுக்குப் போயிடக் கூடாதெண்டு சீடியைக் கழட்டிப் பொக்கற்றில போட்டுக்கொண்டு ஓடினன். அந்தாளைத் தூக்கிக்கொண்டிருக்கேக்க சுவருக்கு அந்தப் பக்கம் அதே பாட்டு. பொக்கற்றைத் தடவிப் பார்த்தன், சீடி கிடக்கு. நான் கேட்டிராத முடிவு, மெல்ல மெல்ல, நாலு வாத்தியமும் ஒண்டாய் ஒரே நீட்டாய் இழுத்து நிண்டுது. ஓடிப் போய்ப் பார்த்தால் மனுசி போயிட்டா. சொன்ன சொல்லைக் காப்பாத்தேல்லையே எண்டு அழுதிட்டன்.

உடம்பைத் துடைக்கேக்கதான் கண்டன், அந்த வழங்காத இடது கையின்ர விரல் நுனியளில கம்பி அழுத்தின தடம், புதுசாய், சிவந்து கிடந்துது. என்னோட நிண்ட நேர்ஸும் கண்டவ.

அவவுக்கு ஆருமில்லை, சீடியை என்னையே எடுக்கச் சொல்லிச்சினம். ஒரு ஞாயிறு, என்ர மனுசனைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு முடிவு வரைக்கும் கேட்டன். அவ சொன்னது சரி. மூண்டும் ஒவ்வொண்டாய் அடங்கி, வியோலா மட்டும் தனிய நிண்டு முடியுது. எழும்பிப் போய்க் கடைசித் துண்டைத் திரும்பவும் போட்டன், அதே முடிவு. அண்டைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் எனக்குக் கேட்டது கடைசி வரைக்கும் நாலு.