மூழ்கிய கப்பலில் அன்று அடிக்காத மணி

மகேஸ்வரி, கதிர், உங்கள் அப்பா நான் காவல் இருந்த கப்பல் மூழ்கியது உங்களுக்குத் தெரியும். நான் எப்படிப் பிழைத்தேன் என்பதை முழுசாகச் சொன்னதில்லை. முருகன் அறிய எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் மெட்ராஸுக்கும் நம் தீவுக்கும் ஓடிய பெரிய பயணிகள் கப்பல் அது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட என் அப்பா அம்மா அதில்தான் இங்கே வந்தார்கள். உங்களுக்கு மொட்டை போட மெயின்லேண்ட் போனதும் அதில்தான். வயதானதும், உடைக்க ஆள் வரும்வரை என்று சொல்லி, சாத்தம் துறை தாண்டி ஒதுக்கமான வளைகுடாவில் நங்கூரம் போட்டு நிறுத்தினார்கள். காவலுக்கு நான் ஒருவன்தான். வாரம் ஒருமுறை சாமான் படகு வரும். போனில் சிக்னல் கிடையாது. ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் படுத்துக் கிடந்த, அடுக்குப் படுக்கை போட்ட பங்க் ஹாலில் என் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும். சில நாள் என் பெயரை நானே சொல்லிப் பார்ப்பேன்.

அந்த ஹாலில், எப்போதோ ஒரு பயணி ஒட்டிய முருகன் படம் இருந்தது. பக்கத்தில், பயணிகளைச் சாப்பிடக் கூப்பிடும் பித்தளை மணி. தினமும் உச்சி வேளையில் கற்பூரம் காட்டி அதை அடிப்பேன். யாருக்குக் கேட்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேதான் அடிப்பேன்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலை. கண் விழித்தால் தரை சாய்ந்திருக்கிறது. எஞ்சின் ரூமில் தண்ணீர். பம்பு ஓடவில்லை. உயிர்ப்படகின் கொக்கி துருவில் இறுகிக் கிடந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட்டோடு குதிக்கலாம் என்றால் நீரோட்டம் வெளிக்கடலுக்கு இழுத்தது. உச்சி வேளைக்குள் பங்க் ஹாலும் முழுகிவிட்டது. மேல்தளக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திக் கத்தித் தொண்டை போனது.

"முருகா, இன்னைக்கு மணிகூட அடிக்க முடியலையே. என்னை யாரு நெனைக்கப் போறா?" என்று அழுதேன்.

அப்போது ஒரு டிங்கிப் படகின் மோட்டார் சத்தம். ஜங்லிகாட் ஊர்க்காரர் அப்பாராவ். வளைகுடா முனைக்கு அந்தப் பக்கம் வலை போடுகிறவர். எப்போதாவது கடந்துபோகும்போது பேய் வீட்டுக் காவல்காரன் என்று இந்தியில் என்னைக் கேலி செய்வார். அவ்வளவுதான் பழக்கம்.

"ஏ பூத் பங்களா வாட்ச்மேன்! மணி ஏன் அடிக்கல? உன் சாமிக்கு இன்னிக்கு லீவா?"

கத்திக்கொண்டே வந்தவர் கப்பலின் சாய்வைப் பார்த்துவிட்டார்.

"அரே பாப்ரே! கயிறு புடிச்சு எறங்கு பாய், ஜல்தி!"

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தோம். கப்பல் சாய்ந்தபடியே, சத்தமே இல்லாமல் உள்ளே போனது. என் அப்பா அம்மா வந்த கப்பல். நான் அழுதேன். அப்பாராவ் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாதியை என் பக்கம் தள்ளினார்.

"உன் மணி கேட்டாதான் பாய் டெய்லி இதைத் திறப்பேன். இன்னிக்கு பசி வந்தாச்சு, மணி வரல. அதான் பார்க்க வந்தேன்."

பிள்ளைகளே, கிருத்திகைக்கு நம் வீட்டில் சாப்பிட வரும் அப்பாராவ் மாமா அவர்தான். நான் தனியாள் என்று இப்போது சொல்வதில்லை. நீங்களும் எங்கே போய் இருந்தாலும், பக்கத்தில் ஆளே இல்லாவிட்டாலும், கும்பிடுவதை விடாதீர்கள். கேட்கிறவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

சில நாள் கழித்து, சாத்தம் போவதாக உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டு அந்த வளைகுடாக் கரைக்குப் போனேன். கப்பல் கொடிமரத்தின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. உச்சி வேளை. கையில் மணி இல்லை. பங்க் ஹால் சாவி மட்டும் சட்டைப் பையில் அப்படியே இருந்தது. என் டிபன் டப்பா மூடியைத் தூக்கிப் பிடித்து, முனைக்கு அந்தப் பக்கம் அப்பாராவுக்குக் கேட்கும்படி அந்தச் சாவியால் தட்டினேன்.