மீசையைப் பணயம் வைத்து எழுதியவர்

அந்தப் பேருந்து ஓட்டுநருக்கு எதிரே வருகிற லாரியைக் கண்டு பயமில்லை. வெள்ளைத்தாளைக் கண்டால்தான் பயம். படியேறும்போது ஆளுக்கு முன்னால் மீசை ஏறும். அப்படி ஒரு மீசை. மனசுக்குள் ஒரு கதையும் இருந்தது. ஓடுகிற பேருந்தில் ஏறிவிட்ட கழுதையின் கதை. பார்ப்பவரிடமெல்லாம் வாயால் சொல்வார். எழுத உட்கார்ந்தால் மட்டும் பேனா சரியிருக்காது, நாற்காலி ஆடும், பக்கத்து வீட்டு மிக்சி கத்தும். எழுதாமலிருக்கக் காரணம் தேடுகிறவனுக்குப் பஞ்சமா என்ன?

கண்டக்டர் வேறு யாருமில்லை, அவர் வீட்டிலேயே தங்கியிருந்த மனைவியின் தம்பி. ஒரு நாள் வீட்டில் டீ குடிக்கும்போது வாயைக் கொடுத்தான்.

"மாமா, நீங்க எழுதிக் கிழிச்ச மாதிரிதான்."

"கதை முடியற வரைக்கும் தினமும் எழுதறேன்டா மாப்ள. டூட்டி நாள் ஒண்ணு தவறினாலும் மீசைய எடுத்துடறேன், போதுமா?"

"அக்கா, நீதான் சாட்சி!"

"தவறட்டும்டா. குடிக்கிற டீயில பாதி அந்த மீசைக்குத்தான் போகுது" என்றாள் அவள்.

மறுநாளிலிருந்து பேருந்து கடைசி நிறுத்தத்தில் நின்றதும், ஸ்டீயரிங் மேல் அட்டையை வைத்து எழுத ஆரம்பித்தார். மச்சினன் சும்மா இருப்பானா? அந்த மீசையில்லாத முகத்தைப் பார்க்காமல் அவனுக்குத் தூக்கமில்லை. "கழுதை கடைசி சீட்டில் போய்" என்று எழுதும்போதே விசில் அடித்தான்.

"டேய், டைம் ஆகலடா!"

"என் வாட்ச்ல ஆயிடுச்சு. வண்டிய எடுங்க."

வழியெல்லாம் ஓட்டுநருக்கு ஒரே கேள்வி. கடைசி சீட்டில் போய் கழுதை என்ன செய்தது? சிக்னலில் அதே நினைப்பு, சோற்றில் கைவைத்தால் அதே நினைப்பு. அடுத்த நாள் வண்டி நின்றதும் பேனாவைப் பிடுங்கி எடுத்து, "உட்கார்ந்து, டிக்கெட் கேட்ட கண்டக்டரை முறைத்தது" என்று முடித்துவிட்டுத்தான் மூச்சுவிட்டார். அதற்கடுத்த வரியின் நடுவில் மறுபடி விசில். இப்படியே தினமும் அவன் வெட்ட வெட்ட, இவர் எழுத எழுத, கழுதை பாதி ஊரைச் சுற்றிவிட்டது. எழுதியதை ராத்திரி மனைவிக்குப் படித்துக் காட்டுவார். பக்கத்து அறையில் தம்பிக்காரன் தூங்குகிறமாதிரி போர்த்திக்கொண்டு கிடப்பான்.

ஒரு நாள் அவன் கால் சுளுக்கிப் படுத்துவிட்டான். மாற்றாக வந்த கண்டக்டர் தங்கமான பையன்.

"எழுதுங்கண்ணே. நான் விசிலே அடிக்கல. பொறுமையா எழுதுங்க."

நல்லது நினைத்துத்தான் சொன்னான். ஓட்டுநருக்கோ ஒரு எழுத்து வரவில்லை. தாளைப் பார்த்தார், தாள் அவரைப் பார்த்தது. பேனா சரியில்லை. வெயில் வேறு கண்ணில் அடித்தது. கடைசி நடைக்கு வந்து நின்றபோதும் தாள் வெள்ளையாகவே இருந்தது. மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். சந்தைக்குப் போகப்போகிற மாட்டைத் தடவுகிற மாதிரி.

மானத்தை விட்டு மச்சினனுக்குப் போன் போட்டார்.

"மாப்ள, என்னை ஏதாவது திட்டுடா. சும்மா இருந்தா வரமாட்டேங்குது."

மச்சினன் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், மீசை அவனுடையது. அது அவனுக்கும் தெரியும்.

"கழுதைய போலீஸ்காரர் பிடிச்சாரே" என்று இழுத்தான். "அப்புறம் என்னதான் ஆச்சு?"

"நீ தூங்கறன்னு நெனச்சேன். கேட்டுட்டா இருந்த?"

"எவன் தூங்கினான்? யோவ் மாமா, ஜனம் கத்துது, ஸ்டாண்டுல ஆபீசர் முறைக்கிறார், எடுங்க வண்டிய! எடுங்கன்னா!"

அவ்வளவுதான். பேனா ஓட ஆரம்பித்தது. போலீஸ்காரர் கழுதையிடம் லைசென்ஸ் கேட்டார், கழுதை அதைத் தின்றுவிட்டதாகச் சொன்னது.

"போதும் மாமா, எடுங்க!" என்று போன் கத்தியது.

"இருடா மாப்ள, அவர் அபராதம் எழுதிட்டிருக்கார்" என்றார் ஓட்டுநர், தலை நிமிராமல்.