நியூட்ரான் போய் உட்கார்ந்த இடம்

பிரான்சில் 'ஸவா?' என்று நலம் விசாரிப்பவர்கள் பதிலுக்காக நிற்பதில்லை. கேட்டுக்கொண்டே நடந்துவிடுவார்கள். வந்த புதிதில் நின்று பதில் சொல்லப்போய், ஆளில்லாத நடைகூடத்திடம் பலமுறை பேசியிருக்கிறேன்.

பள்ளிபாளையத்தில் அப்பா கேட்டால் பதில் வாங்காமல் விடமாட்டார். முப்பது வருடம் விசைத்தறி ஓட்டிக் காது மந்தமானவர். ஞாயிறுதோறும் போனில் கத்துவார்: "ஏஞ்சாமி, அந்த நியூட்ரான் எங்க போயி உக்காருதுனு தெரிஞ்சுதா?" ஒருமுறை என் வேலையை அவருக்கு விளக்கியிருந்தேன். பிறந்த கணத்திலேயே அழியத் தொடங்கும் அபூர்வ அணுக்கருக்களை உண்டாக்கி, டியூட்டீரியம் உள்ள மெல்லிய படலத்தின் மீது பாய்ச்சுவோம். டியூட்டீரியத்தில் ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்திருக்கும். பாய்ந்து வரும் கரு நியூட்ரானை மட்டும் பறித்துக்கொள்ளும். புரோட்டான் தனியே தெறிக்கும். அது தெறித்த கோணத்தையும் ஆற்றலையும் அளந்தால், உள்ளே போன நியூட்ரான் எந்தச் சுற்றுப்பாதையில் அமர்ந்தது என்று சொல்லிவிடலாம். அப்பா கொஞ்சம் யோசித்து, "அப்ப பிரிஞ்சதப் பாத்துத்தான் போனதக் கண்டுபுடிக்கறீங்க" என்றார்.

இரண்டு வருடக் காத்திருப்புக்குப் பின், கருக்களைப் பாய்ச்சும் துகள் முடுக்கியில் எங்களுக்கு ஐந்து நாள் ஒதுக்கினார்கள். விட்டால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று தெரியாது. மூன்றாம் நாள் தம்பி அழைத்தான். அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஈரோட்டில் சேர்த்திருக்கிறார்கள். போனை வாங்கி அப்பாவே பேசினார். "எனக்கொண்ணுமில்ல சாமி. சோலிய முடிச்சுட்டு வா." அன்று அவர் கத்தவில்லை. அதிலேயே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். இன்னும் இரண்டே நாள் என்று இருந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் பிற்பகல், நியூட்ரான் அமர்ந்த இடத்தைக் காட்டும் சிகரம் கணினித் திரையின் வரைபடத்தில் மெல்ல எழுந்துகொண்டிருந்தபோது தம்பி மறுபடி அழைத்தான்.

"அப்பா போயிட்டாருங்ணா."

விடை கிடைத்த நாளில் கேட்க ஆளில்லை. திரையைப் பார்த்தபடி அழுதேன். உடன் வேலை செய்யும் கிளேர் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "பிராவோ!" என்றாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துவிட்டாள். இல்லை என்று சொல்லும் அளவுக்கு எனக்கு பிரெஞ்சு தெரியும், ஆனால் நன்றி என்றுதான் சொன்னேன்.

ஊர் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தம்பி ஒரு சின்னக் கலயத்தை நீட்டினான். "உங்களுக்குனு கொஞ்சம் சாம்பல் எடுத்து வெச்சனுங்ணா."

காவிரியில் இறங்கிக் கரைத்தேன். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கிளேர்தான், விஷயம் தெரிந்து எழுதியிருந்தாள். 'என்னை மன்னித்துவிடு. எப்போது வீடு திரும்புகிறாய்?' கரையிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "ஈரத்தோட நிக்காத சாமி, ஊட்டுக்கு வா." கரையேறாமல், பதிலும் எழுதாமல், முழங்கால் தண்ணீரில் வெறும் கலயத்தோடு நின்றிருந்தேன்.