ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில்

என் மனைவி மெக்சிகோக்காரி. லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் ஆட்களிடம் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு "அது எங்க இருக்கு?" என்று கேட்பார்கள். பெரிய அலுவலகக் கட்டிடம் ஒன்றில் விடியற்காலை ஷிப்டில் இருவரும் துப்புரவு வேலை செய்தோம். அப்படித்தான் பழக்கம். எங்கள் இருவரின் இங்கிலீஷையும் சேர்த்தாலும் ஒருவருக்குக் காணாது. அதை வைத்துக்கொண்டே பதின்மூன்று வருஷம் குடும்பம் நடத்தினோம். 2006இல் புற்றுநோயில் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் எடுத்திருந்தாள். ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"அப்பா, அம்மாவின்ர ஃபமிலி ஆர்? அம்மாக்கு சிஸ்டர் இருக்கா?"

"தெரியாதம்மா."

"நீங்கள் கேக்கவே இல்லையா?"

"இல்லை."

"சரியான வியர்ட் அப்பா நீங்கள்." தட்டைக் கழுவப் போனவள் அங்கிருந்தே சொன்னாள்: "உங்களுக்கு ஏதும் நடந்தா எனக்கு ஆர் இருக்கினம்?"

என் பக்கத்தில் யாரும் மிஞ்சவில்லை. மனைவியோ ஊர்ப் பேச்சு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒருவரைத் தோண்டிக் கேட்க எனக்குக் கூச்சம். ஒன்று மட்டும் சொல்லியிருந்தாள். கோயிலில் கலியாணம் முடிக்க அவளுடைய ஞானஸ்நானப் பத்திரம் வேண்டும், ஊர்க் கோயிலே பதிவுப் புத்தகங்களோடு சேர்த்து எரிந்துபோயிற்று என்றாள். நான் மன்னாரான். சண்டையில் ஷெல் விழுந்து எங்கள் கோயில் புத்தகங்களும் போனவைதான். அதனால் உடனே நம்பினேன். பதிவுத் திருமணத்தோடு நின்றுவிட்டோம். கோயிலில் கலியாணம் முடிக்காதவர்களுக்கு நற்கருணை கிடையாது. பூசையில் அந்த நன்மை வாங்க எல்லோரும் எழும்பும்போது நாங்கள் இருவரும் வாங்கிலேயே உட்கார்ந்திருப்போம். "என்ன, இண்டைக்கும் ரெண்டு பேருக்கும் கால் நோவோ?" என்று பின்னாலிருந்து ஒரு அக்கா கேட்பா.

தமிழ்ப் பூசை வைக்கும் ஃபாதர் ரோமில் படித்தவர், ஸ்பானிஷ் தெரியும். மகளுக்காக அவரிடம் போனேன். வாசலில் கால்மணி நேரம் நின்றுதான் மணியடித்தேன்.

"எரிஞ்சா என்ன? எழுதிப் பாப்பம். எரிஞ்ச ஊரிலயும் சனம் இருக்கும்தானே" என்றார். மனைவியின் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் இருந்தது. அந்த ஊர்க் கோயிலுக்கு அவரே கடிதம் எழுதினார்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது என்று ஃபாதர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஒரு கடிதமும், பழைய புத்தகப் பக்கம் ஒன்றின் போட்டோக்கொப்பியும். மகள் விரலை வைத்து எழுத்துக்கூட்டினாள். "அம்மாவின்ர பேர்! அப்பா, அம்மாவின்ர தாத்தா பாட்டிமாரின்ர பேரும் இருக்கு, ரெண்டு பக்கமும், நாலு பேர்!" தாய் போனபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

கோயில் எரியவில்லை என்று எனக்கு அப்போதே விளங்கிற்று. பக்கத்தின் ஓரத்தில் வேறொரு கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், ஸ்பானிஷும் தெரியாது. ஆனால் அது என்னவென்று தெரியும். எங்கள் ஊரிலும் அப்படித்தான். ஒருவர் எங்கே கலியாணம் முடித்தாலும் அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் எழுதி வைப்பார்கள், இன்னொரு முறை முடிக்காதபடி.

"ஃபாதர், அது கலியாணமோ?"

"ஓம்." கடிதத்தைப் பார்த்துச் சொன்னார். "பத்தொன்பது வயசில. அந்த மனுசன் இப்பவும் அங்கதான் இருக்கிறாராம். இவவின்ர தங்கச்சி ஒருத்தியும் இருக்கிறா. இவ எங்கயோ உயிரோட இருக்கிறா எண்டுதான் அவை நினைச்சுக்கொண்டிருக்கினம்."

மகள் என்னைப் பார்க்கவில்லை. "சித்தி" என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "சித்திக்கு எழுதலாமா?" என்றாள்.

ஃபாதர் பேனையை எடுத்தார். "உங்களை என்னெண்டு போட? புருஷன் எண்டு எழுதினா அங்க..."

"பிள்ளையின்ர தகப்பன் எண்டு போடுங்கோ."

"அது மட்டும் காணுமோ?"

"காணும், ஃபாதர்."

மனைவிக்கு முன்பே ஒரு புருஷன் இருந்ததில் எனக்குப் பெரிய கோபம் இல்லை. ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை ஏழு நாளும் என் கையைப் பிடித்துக்கொண்டே கிடந்தாள். அப்போதும் சொல்லவில்லை. எதையும் கேட்கமாட்டான் என்று பார்த்துத்தான் என்னைக் கட்டினாளோ என்று அந்தக் குளிர்காலம் முழுக்க யோசித்தேன். வேலையில் ஒரே தரையை இரண்டு முறை துடைத்துவிட்டு நிற்பேன்.

சித்தியின் பதில் மகளின் பெயருக்கு வந்தது. ஏழு தாள். அகராதியை வைத்துக்கொண்டு குசினி மேசையில் உட்கார்ந்து வாசித்தாள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"அம்மாக்குச் சின்னனில கோழியெண்டாப் பயமாம்."

எனக்கு அதுவும் தெரியாது.

"என்னைப் பற்றி ஏதும் எழுதியிருக்கோ?" என்று கேட்டேன்.

அவள் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, கடைசித் தாளின் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"இல்லை அப்பா" என்றாள். பிறகு திரும்பவும் முதல் தாளிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.