அந்தோணியின் மனுக்கட்டு

மகாராஜா காலத்தில் மைசூரில் ஒரு சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தேன். ஊர்ச் சாக்கடை தன் வெற்றிலைத் தோட்டத்தில் பாய்கிறது என்று அந்தோணி என்பவர் மாதாமாதம் மனு கொண்டுவருவார். பெற்றுக்கொண்டதாக நகலில் என் கையெழுத்து விழாமல் நகரமாட்டார். அவர் தலையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் சர்க்கார் மேலேயே வழக்குப் போட்டுவிட்டார். பதில் எழுத உட்கார்ந்தால், கச்சேரியில் அவருடைய மனு ஒன்றைக்கூடக் காணோம். வெட்கத்தை விட்டு அவரிடமே போய் நகல்களைக் கேட்டேன். கட்டோடு எடுத்துக் கொடுத்தார்.

"இதுக்கு ரசீது வேண்டாமா?" என்றேன் எரிச்சலாக.

"எல்லாத்துலயும் உங்க கையெழுத்துதானே இருக்கு, ஸ்வாமி. வேலை முடிஞ்சதும் குடுங்க."

கட்டைப் பார்த்ததும் அதிகாரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "மனு எதுவும் வரலைன்னு எழுதுய்யா. இதை வெந்நீர் அடுப்புல போடு."

எழுதினேன். எதையெல்லாம் மறுக்க வேண்டும் என்று பார்க்கத்தான் அந்த மனுக்களை முதல்முறையாகப் படித்தேன். ஏழாவது மனுவில், 'தோட்டம் அழுகிவிட்டது, கிணற்றையாவது காப்பாற்றுங்கள்' என்று இருந்தது.

அடுப்பில் போடக் கை வரவில்லை. கட்டை அந்தோணியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கோர்ட்டில் நீதிபதி அந்த நகல்களைக் காட்டி, "இது யார் கையெழுத்து?" என்றார்.

"என்னுடையதுதான்" என்றேன்.

அந்த வழக்கில் சர்க்கார் தரப்பு சொன்ன ஒரே உண்மை அதுதான்.