ஹாய்ட் லண்டீன் சங்கிலி போட்ட கதை

கொலராடோ மலைச்சாலையில் லாரி ஓட்டுகிறவர்கள் மத்தியில் ஹாய்ட் லண்டீனுக்குத் தனி மரியாதை உண்டு. அதை அவருக்கு அவரே கொடுத்துக்கொண்டார் என்பது வேறு விஷயம். செப்டம்பர் பிறந்தால் மே முடியும்வரை, வெயில் பல்லைக் காட்டினாலும் சரி, பனியில் டயர் வழுக்காமல் மாட்டும் சக்கரச் சங்கிலி லாரியில் இருந்தாக வேண்டும் என்பது அங்கே சட்டம். ஹாய்ட் தன் சங்கிலிகளைத் துடைத்து எண்ணெய் பூசி, கேபினுக்குப் பின்னால் கல்யாண வீட்டுத் தோரணம் மாதிரி தொங்கவிட்டிருப்பார். சாப்பாட்டுக் கடையில் எந்த டிரைவர் அகப்பட்டாலும் சங்கிலிச் சட்டம் பற்றி வகுப்பு எடுக்காமல் விடமாட்டார்.

அந்தச் சங்கிலிகள் ஒருநாள்கூடச் சக்கரத்தைத் தொட்டதில்லை.

பனி கொட்டி, 'லாரிகளுக்குச் சங்கிலி கட்டாயம்' என்று சாலையோர மின்பலகை எரிந்த மறுநிமிடம் ஹாய்ட் வண்டியை ஓரங்கட்டிவிடுவார். "சங்கிலி போட்டுத்தான் போகணும்னா அது மனுஷன் போற ரோடே இல்லப்பா!" என்று முழங்கிவிட்டு, காபியும் கேக்குமாக உட்கார்ந்துவிடுவார். இந்தக் கொள்கையின் புண்ணியத்தில் எத்தனையோ கிறிஸ்துமஸும் கல்யாண நாளும் மலைக்கு இந்தப் பக்கமே கழிந்தன. அந்தப் பக்கம், ரைஃபிள் என்ற ஊரில் இருந்த வீட்டில், அவர் மனைவி நடீன் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இன்று நடீனுக்குப் பிரிவு உபசார விழா. காலமெல்லாம் மலையில் பள்ளிப் பேருந்து ஓட்டியவர் ஓய்வு பெறுகிறார். காலையில் போனில், "கண்டிப்பா வந்துடுவேன்" என்றார் ஹாய்ட். "சரி" என்றார் நடீன். கொஞ்சமும் நம்பாத 'சரி' அது. வழியெல்லாம் அது ஹாய்டைக் குடைந்துகொண்டே வந்தது.

வேல் கணவாயின் அடிவாரத்தில் பலகை எரிந்தது. ஹாய்ட் சாப்பாட்டுக் கடையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு சங்கிலி மாட்டும் ஓரப்பாதையில் வண்டியை நிறுத்தினார்.

முன்னால் நின்ற லாரியில் டுவேன் என்றொரு டிரைவர் பையன் சங்கிலியை மாட்டி முடித்திருந்தான். போன மாதம் ஹாய்டிடம் வகுப்பு கேட்டு நொந்தவன்.

"என்ன வாத்தியாரே, அதிசயமா இருக்கு! கொஞ்சம் நின்னு பாத்துக் கத்துக்கட்டுமா?"

"போய்யா, போய் உன் சோலியப் பாரு!"

டுவேன் போனான். ஹாய்ட் சங்கிலியைச் சக்கரத்தின் மேல் போட்டார். அது வழுக்கி அவர் காலிலேயே விழுந்தது. மறுபடி போட்டார், எங்கோ சிக்கிக்கொண்டது. பின்னால் நின்றவர்களைக் கேட்கலாம். கேட்டால் சாயந்திரத்துக்குள் மாநிலம் முழுக்கத் தண்டோரா போட்டுவிடுவார்கள். நடீனுக்குப் போன் போட்டார்.

"நடீன், சும்மா ஒரு சந்தேகம். சக்கரச் சங்கிலில கொக்கி எந்தப் பக்கம் பாக்கணும்?"

மறுமுனையில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள்.

"கை பூரா கேக்கு, ஹாய்ட். ஸ்பீக்கர்ல போட்டுட்டேன்," என்றார் நடீன். "ஏன், உனக்குப் போடத் தெரியாதா?"

மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை என்ற பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தக் குளிரிலும் காது சுட்டது.

"தெரியாது. ஒருநாளும் தெரிஞ்சதில்ல."

மறுமுனையில் விழா மண்டபமே சிரிப்பில் அதிர்ந்தது. சிரிப்பு சட்டென்று அறுந்து, நடீனின் குரல் மட்டும் காதோரம் கேட்டது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டார் போல.

"அப்போ, பனி விழுந்தப்பெல்லாம் நீ அங்கேயே தங்கினது..."

"இதனாலதான். வெளிய சொல்ல வெக்கம்."

"அடப்பாவி மனுஷா! வீட்டுக்கு வரப் பிடிக்காமதான் தங்குறேன்னு இத்தனை வருஷமா நெனச்சுட்டு இருந்தேனே!"

ஹாய்ட் சேறும் பனியுமான தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதார்.

"அழாத, கை வெறச்சுப் போயிடும்," என்றார் நடீன். அவர் குரலும் சரியாக இல்லை. "இறுக்குற திருகு வெளிப்பக்கமா இருக்கு?"

"உள்பக்கம்."

"கழட்டு. மொதல்லேருந்து போடு. நான் எங்கயும் போகல."